சுவரில் பழைய பசையா? சுரண்டும் முன் இதைப் படியுங்கள்

சமையலறைப் புதுப்பிப்பின்போது மூத்தோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளி நெருங்கும்போதோ, வீட்டில் ஒரு திருமணம் நிச்சயமாகும்போதோ சமையலறையைப் புதுப்பிக்கும் எண்ணம் பலருக்கும் வரும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒட்டுத்தாளை உரிப்போம். விரிசல் விட்ட டைல்ஸைக் கழற்றுவோம். கடைசியில் சுவரில் மிஞ்சி நிற்பது பழைய பசை. “இந்தச் சின்ன வேலைக்கு ஆள் எதற்கு? நானே சுரண்டிவிடுகிறேன்” என்று மூத்தோர் பலர் இறங்கிவிடுகிறார்கள்.

ஆபத்து பெரும்பாலும் இந்தச் சின்ன வேலையில்தான் இருக்கிறது. சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பழைய பசை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. காய்ந்த நிலையில் சுரண்டித் தூசாக்கும்போதும், இரசாயனம் ஊற்றி ஆவியாக்கும்போதும்தான் அது நம் நுரையீரலுக்குள் செல்கிறது. பசையைத் தூசாக்காமலும் ஆவியாக்காமலும் அகற்றுவது எப்படி, எப்போது அதைத் தொடாமல் விடுவது நல்லது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

உங்கள் வீடு எப்போது கட்டப்பட்டது?

வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் முன்பு உலகின் பல நாடுகளில் கூரைத் தகடுகள், பொய்க்கூரைப் பலகைகள், தடுப்புப் பலகைகள், குழாய்கள், வினைல் தரைத் துண்டுகள் ஆகியவற்றில் கலக்கப்பட்டது. சில வகைப் பசைகளிலும், குறிப்பாக வினைல் தரைக்கு அடியில் பூசப்பட்ட தார் போன்ற கறுப்புப் பசையிலும் அது இருந்தது. சிங்கப்பூரில் கட்டடங்களில் கல்நார் பயன்படுத்துவது 1989ஆம் ஆண்டிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே 1991ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில் உடைக்கும் வேலையோ புதுப்பிப்பு வேலையோ செய்யும்போது கல்நாரை நினைவில் கொள்ள வேண்டும். கல்நார் தொடர்பான வேலையிடப் பாதுகாப்பு விதிமுறைகள் 2014ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தன.

லிட்டில் இந்தியாவைச் சுற்றி வசிக்கும் பலருக்கு இது பொருந்தும். பஃப்ளோ ரோட்டில் தேக்கா நிலையத்தை ஒட்டியுள்ள அடுக்குமாடி வீடுகள் 1980களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. 1989ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் அவற்றைவிட மிகப் பழையவை. தோ பாயோ, குவீன்ஸ்டவுன், அங் மோ கியோ போன்ற பேட்டைகளிலும் பழைய வீடுகள் நிறைய உள்ளன.

வீடு பழையது என்பதாலேயே அங்கே கல்நார் இருக்கிறது என்று பொருளல்ல. முழுதாக, உடையாமல் இருக்கும் கல்நார்ப் பொருளால் உடனடி ஆபத்தும் இல்லை. ஆனால் பார்த்தோ முகர்ந்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. சிறு மாதிரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். அந்த மாதிரியைத் தகுதி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். நீங்களே கத்தியால் வெட்டி எடுக்காதீர்கள்.

கல்நார் இழைகள் நுரையீரலில் படிந்தால் வெளியேறுவது கடினம். அவற்றால் வரும் நோய்கள், குறிப்பாக நுரையீரல் புற்றுநோயும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயும், பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். “எழுபது வயதில் எனக்கு இனி என்ன ஆகப்போகிறது?” என்று சிலர் சொல்லலாம். ஆனால் அந்தத் தூசைச் சுவாசிப்பவர் நீங்கள் மட்டுமல்ல. தரையில் தவழும் பேரப்பிள்ளை, வீட்டைப் பெருக்கித் துடைக்கும் பணிப்பெண், வேலைக்கு வந்த ஊழியர் ஆகியோரும் அதையே சுவாசிக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் 40 ஆண்டுகள் இருக்கின்றன.

இன்னொரு செய்தி. செம்பவாங் கடற்படைத் தளத்திலோ கப்பல் பட்டறைகளிலோ வேலை பார்த்த நம் மக்கள் பலர். அந்நாளில் கப்பல்களின் கொதிகலன்களையும் நீராவிக் குழாய்களையும் சுற்றிக் கல்நார் உறை போடப்பட்டது. நீங்கள் அத்தகைய வேலை செய்தவர் என்றால் அதை உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். கல்நாரைச் சுவாசித்தவர் புகைபிடிப்பவராகவும் இருந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு கூடுகிறது. புகைப்பதை நிறுத்துவதற்கு எந்த வயதும் தாமதமில்லை.

முதல் ஆபத்து: தூசு

டைல்ஸுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சிமெண்டும் மணலும் கலந்த சாந்து. அதை மின்கருவியால் தேய்த்தால் சிலிக்கா என்னும் நுண்துகள் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதான அத்துகள் நுரையீரலின் அடிவரை செல்லும். முன்பு சிங்கப்பூரின் கருங்கல் குவாரிகளில் வேலை செய்தவர்களிடம் காணப்பட்ட சிலிக்கோசிஸ் நோய் இத்துகளால் வருவதுதான். ஒரு நாள் வேலையால் வீட்டுக்காரருக்கு அந்த நோய் வந்துவிடாது. ஆனால் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரு நாள் தூசே மூச்சுத்திணறலைத் தூண்டப் போதும்.

ஆகவே காய்ந்த பசையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மின்கருவியும் வேண்டாம். முதலில் நீர் தெளித்து ஈரமாக்குங்கள். கீழே விழுவதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வீட்டில் உள்ள சாதாரண தூசு உறிஞ்சி நுண்துகள்களை மறுபடியும் காற்றில் ஊதிவிடும் என்பதால் அதையும் தவிர்க்கவும். தூசு பறக்கும்போது மின்விசிறியைப் போடாதீர்கள்.

முகக்கவசத்தைப் பொறுத்தவரை, சாதாரண துணிக் கவசம் நுண்துகளைத் தடுக்காது. புகைமூட்டக் காலத்தில் நாம் அணிந்த என்95 கவசம் முகத்தோடு சரியாகப் பொருந்தினால் தடுக்கும். மூச்சு நோயோ இதய நோயோ உள்ளவர்கள் அதை அணிவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம் என்பதுதான் நல்ல ஆலோசனை.

இரண்டாவது ஆபத்து: ஆவி

பசையைக் கரைக்கும் திரவங்கள் வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. தின்னர் போன்றவை எளிதில் தீப்பற்றும். அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவிச் சென்று, தொலைவில் எரியும் அடுப்பிலோ சாமி விளக்கிலோ பற்றிக்கொள்ளலாம். இத்தகைய திரவம் வீட்டில் திறந்திருக்கும்போது அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எதையும் ஏற்றக்கூடாது.

வேறு சில திரவங்களில் டைகுளோரோமீத்தேன் என்னும் இரசாயனம் இருக்கலாம். மெத்திலீன் குளோரைடு என்பதும் அதுவே. அதைச் சுவாசித்தால் உடல் அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. இரத்தம் உயிர்வாயுவைச் சுமந்து செல்வது அதனால் குறைகிறது. ஏற்கெனவே இதயம் பலவீனமாக உள்ளவருக்கு இது மாரடைப்பில் முடியலாம். காற்றோட்டமில்லாத அறைகளில் இதைப் பயன்படுத்தியவர்கள் மயங்கி விழுந்து இறந்த நிகழ்வுகளுக்குப் பிறகு, அமெரிக்கா 2019ஆம் ஆண்டில் இந்த இரசாயனம் கலந்த சாய நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. என்95 கவசம் தூசைத்தான் தடுக்கும், இத்தகைய ஆவியைத் தடுக்காது.

ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் புட்டியில் உள்ள படங்களைப் படிக்கலாம். சிவப்புக் கோட்டுச் சாய்சதுரத்துக்குள் இருக்கும் படத்தைப் பாருங்கள்:

• தீச்சுடர்: எளிதில் தீப்பற்றும்.
• கையின்மீது திரவம் விழும் படம்: தோலையும் கண்ணையும் அரித்துவிடும்.
• மனித மார்பில் நட்சத்திரம் போன்ற வெடிப்பு: நீண்டகால உடல்நலப் பாதிப்பு உண்டாகலாம்.
• ஆச்சரியக்குறி: எரிச்சல் உண்டாக்கும்.
• மண்டையோடு: நச்சு, உயிருக்கே ஆபத்து.

இந்தப் படங்களில் ஆச்சரியக்குறி தவிர வேறு எது இருந்தாலும் அந்தத் திரவத்தை வீட்டில் நீங்களே பயன்படுத்த வேண்டாம். எந்த இரசாயனத்தையும் இன்னொன்றோடு கலக்காதீர்கள். குறிப்பாக, பிளீச்சுடன் வினிகரைக் கலந்தால் நச்சுவாயு வெளிவரும்.

நீங்களே அகற்றக்கூடியவை

• ஒட்டுத்தாள், கொக்கி, இருபுறமும் ஒட்டும் டேப்: ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துச் சிறிது நேரம் காட்டினால் பசை இளகும். மெதுவாக உரித்த பிறகு மிச்சத்தில் சமையல் எண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் துடையுங்கள். தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

• சுவர்த்தாள் பசை: பெரும்பாலும் மாவுப்பசை போன்றதுதான். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுவரில் கால் மணி நேரம் ஒட்டவைத்தால் ஊறிவிடும். மின்செருகிகளுக்கு அருகில் நீர் படக்கூடாது. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

இவ்வேலைகளையும் கைக்கு எட்டும் உயரம் வரையில்தான் செய்யலாம். ஏணியிலோ நாற்காலியிலோ ஏறாதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடமாடுவதே கடினமாகிவிடலாம். தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் வழுக்கும், பழைய பருத்தித் துணியை விரிப்பது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கூர்மையான கத்தியைப் பயன்படுத்த வேண்டாம்.

டைல்ஸுக்குப் பின்னால் உள்ள சாந்து, பலகைகளை ஒட்டிய மஞ்சள் பசை, தரையில் உள்ள கறுப்புப் பசை ஆகிய மூன்றையும் நீங்களே தொட வேண்டாம்.

அகற்றாமலே விடலாமா?

பல நேரங்களில் விடலாம். பழைய டைல்ஸ் உறுதியாக ஒட்டியிருந்தால், சுவரில் நீர்க்கசிவும் இல்லையென்றால், அதன்மேலேயே புதிய பலகையையோ டைல்ஸையோ ஒட்ட முடியுமா என்று குத்தகையாளரைக் கேளுங்கள். உடைப்பு இல்லை, தூசு இல்லை, செலவும் குறையலாம். ஆனால் தட்டிப் பார்த்து உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை கேட்டால் அந்த டைல்ஸை மூடி மறைக்கக்கூடாது.

குத்தகையாளரிடம் கேட்க வேண்டியவை

வீவக வீடுகளில் டைல்ஸை உடைப்பது போன்ற வேலைகளை வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளரே செய்ய வேண்டும், தேவையான அனுமதியையும் அவரே பெற வேண்டும். இரைச்சலான வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பிள்ளைகளையோ அக்கம்பக்கத்தினரையோ உடன் வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்:

1. வீடு 1991க்கு முன் கட்டப்பட்டது. கல்நார் உள்ளதா என்று சோதிப்பீர்களா?
2. தூசு எழாமல் இருக்க நீர் தெளிப்பீர்களா, உறிஞ்சும் கருவி பொருத்துவீர்களா?
3. என்ன இரசாயனம் பயன்படுத்துவீர்கள்? அதன் புட்டியைக் காட்ட முடியுமா?
4. உங்கள் ஊழியர்களுக்குத் தகுந்த முகக்கவசம் கொடுப்பீர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் வீட்டு வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஊழியரோ அடுத்த வீட்டுக்குப் போய் அதே தூசை மறுபடியும் சுவாசிக்கிறார். கல்நார் இருப்பது உறுதியானால், மனிதவள அமைச்சின் அனுமதி பெற்ற கல்நார் அகற்றும் குத்தகையாளரே அதை அகற்ற வேண்டும்.

வேலை நடக்கும் நாள்களில்

முடிந்தால் பிள்ளைகள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்குங்கள். இல்லையென்றால் பகல் பொழுதை அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் கழிக்கலாம். சமையலறை வாசலைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை டேப்பால் ஒட்டச் சொல்லுங்கள். அரிசி, மசாலாப் பொருள்கள், குடிநீர், பூசைப் பொருள்கள் ஆகியவற்றை வேறு அறைக்கு மாற்றுங்கள். மருந்துகளையும் மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குப்பியையும் மறக்காமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தூசு படிந்த ஆடைகளை உதறாமல் தனியாகத் துவையுங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், குழப்பம் ஏற்பட்டால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 995 எண்ணை அழையுங்கள். கண்ணில் இரசாயனம் பட்டால் ஓடும் குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பிறகு மருத்துவரைப் பாருங்கள். செல்லும்போது புட்டியையும் கொண்டுசெல்லுங்கள். இருமலோ இழுப்போ சில நாள்களில் தணியாவிட்டால் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்: வீட்டின் வயதைக் கேளுங்கள். சுரண்டும் முன் ஈரமாக்குங்கள். சந்தேகம் இருந்தால் தொடாமல் விடுங்கள்.