நில ஆமையும் அதன் பராமரிப்பும்

வீட்டில் பிராணி வளர்க்க விரும்புவோருள் பலர் ஆமையை மிக எளிதான பிராணி என எண்ணுகின்றனர். அது ஓசை எழுப்புவதில்லை; எவரையும் துரத்துவதில்லை; சில நாட்கள் உணவின்றியும் உயிரோடிருக்கும். ஆனால் இக்குணங்களே அதன் பராமரிப்பைக் கடினமாக்குகின்றன. பசு பசித்தால் குரல் கொடுக்கும். நாய் நோயுற்றால் ஓரிரு நாளில் குறி தெரியும். ஆமையோ தன் குறையைப் பல திங்கள் மௌனமாகத் தாங்கி நிற்கும். வளர்ப்போர் இன்று செய்யும் பிழை ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதன் ஓட்டில் வெளிப்படும். அக்காலத்தில் அதனைத் திருத்த இயலாது. ஆதலால் ஆமையைப் பற்றி முன்னரே அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. இது குறித்து மக்கள் வினவும்போது களப் பணியாளரும் ஆசிரியரும் கூறத்தக்க செய்திகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

சட்டம் கூறுவது

முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்த ஆமை எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதாகும். குஜராத், ராஜஸ்தான் பகுதிகளிலும், ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் வறண்ட புதர்க்காடுகளிலும் வாழ்வது நட்சத்திர ஆமை. இலங்கையிலும் பாகிஸ்தானின் சில பகுதிகளிலும் இது உண்டு. கருநிற ஓட்டில் மஞ்சள் கதிர்கள் நட்சத்திர வடிவில் விரிந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. அவ்வழகே அதற்குக் கேடாகவும் முடிந்தது. ஒரே ஒரு வணிக மையத்திற்காக ஓராண்டில் 55,000க்குக் குறையாத நட்சத்திர ஆமைகள் இயற்கையிலிருந்து பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் உடன்படிக்கை மாநாடு இதனை முதல் பட்டியலுக்கு மாற்றி, இயற்கையிலிருந்து பிடித்த ஆமைகளின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் காக்கின்றது. அச்சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இடம்பெற்றது. இதனைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்னும் நம்பிக்கையோ, அன்பளிப்பாக வந்தது என்னும் விளக்கமோ இக்குற்றத்தை நீக்காது.

வெளிநாட்டு இனங்களுக்கு விதி வேறு. சகாராப் பாலைவனத்தின் தென் எல்லையில் வாழும் சல்காட்டா ஆமை நம் நகரங்களில் விற்கப்படுகின்றது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள இத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, பரிவேஷ் என்னும் அரசு இணையதளத்தின் வாயிலாகப் பதிவு செய்தல் வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் அதனையும் அறிவித்தல் வேண்டும். உரிய ஆவணங்களின்றி விற்கப்படும் ஆமையை வாங்காதிருத்தலே நன்று.

ஓட்டின் இயல்பு

ஆமையின் ஓடு அதன் எலும்புக்கூட்டின் ஒரு பகுதியாகும். முதுகெலும்பும் விலாவெலும்புகளும் விரிந்து இணைந்தே மேலோடு அமைந்துள்ளது. அதன்மேல் நம் நகத்தை ஒத்த கெரட்டின் என்னும் பொருளாலான தகடுகள் போர்த்தியுள்ளன. ஓட்டில் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உண்டு. எனவே, கயிறு கட்டுவதற்காக ஓட்டில் துளையிடுவது உயிருள்ள எலும்பைத் துளைப்பதாகும். அது கொடிய வலியையும் சீழையும் உண்டாக்கும். ஓட்டிற்கு வர்ணம் பூசுதலும் தீங்கே.

தகடுகளில் காணும் வளையங்களை எண்ணி ஆமையின் வயதைச் சொல்லிவிடலாம் என்று சிலர் கருதுவர். உணவும் பருவமும் மாறுந்தோறும் வளையம் தோன்றக்கூடுமாதலால் இக்கணக்கு நம்பத்தக்கதன்று.

வெப்பமும் ஒளியும்

ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி நகர்ந்தே அது வெப்பத்தைச் சீராக்கிக்கொள்கின்றது. உடல் போதிய வெப்பம் பெறாவிடில், உண்ட இலை குடலில் செரிக்காமல் தேங்கிக் கெடும். நட்சத்திர ஆமை, சல்காட்டா ஆமை போன்ற வெப்பநாட்டு இனங்களுக்குப் பகலில் 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடும், வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரியும் ஏற்றவை. இரவில் வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே இறங்காதிருத்தல் நலம். குளிர்காலத்தில் ஆமை உறங்குமென்று கருதி அதனை ஒரு பெட்டியிலிட்டு மூடிவைப்போர் உளர். நீண்ட குளிர்கால உறக்கம் மத்தியதரைக் கடற்பகுதி ஆமைகள் போன்ற சில இனங்களுக்கே உரியது. தில்லி போன்ற இடங்களின் குளிரில் வெப்பநாட்டு ஆமையை அவ்வாறு விட்டால் நுரையீரல் நோயால் அது மடியக்கூடும்.

வெப்பத்தைப் போலவே ஒளியும் அவசியம். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது வைட்டமின் டி உண்டாகின்றது. அது இல்லாவிடில், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் போதிய அளவு சேராது. எலும்பும் ஓடும் மென்மையடையும். சன்னற் கண்ணாடி இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னே வெயில் காயும் ஆமைக்கு வெப்பம் கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. ஆதலால் நாள்தோறும் திறந்த வெளியில் காலை வெயில் படுமாறு செய்தல் வேண்டும். அருகிலேயே நிழலும் இருத்தல் வேண்டும். நிழலின்றி நண்பகல் வெயிலில் விடப்பட்ட ஆமை சிறிது நேரத்திலேயே இறந்துவிடலாம்.

உணவு

மேற்கூறிய இரண்டு இனங்களும் புல்லும் இலையும் உண்பவை. அறுகம்புல், செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முருங்கையிலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவை ஏற்ற உணவுகள். நார்ச்சத்து மிகுந்தும், சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிட ஏறத்தாழ இரு மடங்காகவும் இருக்கும் உணவே சிறந்தது. சோறு, ரொட்டி, பால், இறைச்சி, நாய்க்கான உணவு ஆகியவற்றைக் கொடுத்தல் தவறு. பழமும் வெள்ளரியும் ஆமை விரும்பித் தின்பவையாயினும், அவற்றை மிகுதியாகக் கொடுத்தால் குடல் கெடும். பசலைக்கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொள்வதால் அதனை அன்றாட உணவாக்கலாகாது. கணவாய் மீனின் ஓட்டை ஆமை எட்டுமிடத்தில் வைத்தால், வேண்டும்போது கடித்துச் சுண்ணாம்புச் சத்தைப் பெறும்.

நீரும் ஈரப்பதமும்

ஆமை என்றதும் நீரை நினைப்பது இயல்பு. தூண் போன்ற கால்களையுடைய நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. விரல்களுக்கிடையே சவ்வுடையது நன்னீர் ஆமை. இவ்வேறுபாட்டை அறியாதோர் நில ஆமையைக் கிணற்றிலும் தொட்டியிலும் இட்டு மூழ்கடித்துவிடுகின்றனர். நில ஆமைக்கு ஆழமற்ற தட்டில் குடிநீர் வைத்தல் போதும். குஞ்சுகளை வாரத்தில் சில நாட்கள் வெதுவெதுப்பான நீரில், தாடைக்குக் கீழ் நிற்கும் அளவில், பதினைந்து நிமிடம் நிறுத்தி வைக்கலாம். ஆமை தன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுவது. நீர் குறைந்தால் அக்கழிவு சிறுநீர்ப்பையில் கல்லாக இறுகும்.

வளரும் குஞ்சின் தகடுகள் சில வேளைகளில் கூம்பு கூம்பாக மேலெழுகின்றன. நட்சத்திர ஆமைக்கு ஓரளவு மேடு இயற்கை. சல்காட்டாவுக்கு அது குறைபாடு. புரதம் மிகுந்த உணவே இதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. சல்காட்டாக் குஞ்சுகளை வைத்து நடத்தி 2003இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, வறண்ட காற்றே இதில் பெரும் பங்கு வகிக்கின்றது என்றும் புரதத்தின் பங்கு சிறிதே என்றும் காட்டியது. எனவே குஞ்சுகளுக்கு ஈரமான மண்ணோடு கூடிய ஒரு மறைவிடம் அமைத்தல் நன்று. எழுந்த கூம்பு மீண்டும் தாழ்வதில்லை.

இருப்பிடமும் சுத்தமும்

வழுவழுப்பான தரையில் ஆமையின் கால்கள் வழுக்கி விரியும். மண் தரையே ஏற்றது. சுவர் மறுபுறம் தெரியாதவாறு இருத்தல் வேண்டும். வெளியே தெரிந்தால் ஆமை நாள் முழுதும் முட்டிக்கொண்டிருக்கும். நாய், காகம், கீரி ஆகியவற்றிலிருந்தும் காப்புத் தேவை.

மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துவருதல் நோயை முன்னறிய உதவும். மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சுவிடுதல், வீங்கிய கண், வளர்ந்த ஆமையில் மென்மையான ஓடு, தொடர்ந்து உணவு மறுத்தல் ஆகியவை கண்டால் கால்நடை மருத்துவரை நாடுக.

நலமாகத் தோன்றும் ஆமையின் குடலிலும் சால்மொனெல்லாக் கிருமிகள் இருக்கக்கூடும். சிறுவர்களுக்கு அவற்றால் கடும் வயிற்றுப்போக்கு நேர்ந்ததை முன்னிட்டு, நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்க அரசு 1975இல் தடை செய்தது. ஆமையைத் தொட்டபின் சோப்பினால் கை கழுவுதல் வேண்டும். அதன் பாத்திரங்களைச் சமையலறையில் கழுவலாகாது.

களத்தில் ஆமையைக் கண்டால்

காட்டோரத்தில் ஆமையைக் கண்டால் அதன் வழியே விட்டுவிடுவதே உதவி. சாலையைக் கடப்பதாயின், அது செல்லும் திசையிலேயே மறுபுறம் சேர்த்தால் போதும். வீட்டில் வைத்திருந்த நட்சத்திர ஆமையை ஒருவர் கொண்டுவந்தால், அதனை வனத்துறையிடம் ஒப்படைக்கச் செய்தல் வேண்டும். அருகிலுள்ள காட்டில் விட்டுவிடுமாறு கூறுதல் தவறு. வீட்டில் தொற்றிய நோயை அது காட்டு ஆமைகளுக்குப் பரப்பலாம். அன்றியும், அது எப்பகுதியில் பிறந்ததோ தெரியாது. கடைகளில் விற்கப்படும் அமெரிக்கச் செங்காது ஆமையையும் குளத்தில் விடலாகாது. அது நம் நாட்டு நன்னீர் ஆமைகளின் உணவையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும்.

வாங்குமுன் எண்ணவேண்டியவை

ஓர் உள்ளங்கையில் அடங்கும் சல்காட்டாக் குஞ்சு, வளர்ந்தபின் ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுடையதாகலாம். மண்ணில் ஆழமான வளை தோண்டும். ஆமையின் ஆயுளும் நீண்டது. கொல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக்காட்சி சாலையில் 2006இல் இறந்த அத்வைதா என்னும் அல்டாப்ரா ஆமைக்கு 250 வயது எனச் சொல்லப்பட்டது. அக்கணக்கு உறுதிப்படவில்லையாயினும், அங்கே அதனைப் பேணியோர் பல தலைமுறையினர்.

ஆகவே ஆமை வாங்க விரும்புவோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அதனை வைத்திருக்கச் சட்டம் இடந்தருகின்றதா? முழு வளர்ச்சி பெற்ற ஆமைக்கு வேண்டிய மண்ணும் வெயிலும் வீட்டில் உண்டா? வளர்ப்பவருக்குப் பின் அதனைக் காப்பவர் யார்? மூன்றுக்கும் தக்க விடை கிடைத்த பின்னரே வாங்குவது தகும். விடை கிடைக்காவிடில், ஆமை அது பிறந்த புதர்க்காட்டிலேயே இருப்பது அதற்கும் நலம், மக்களுக்கும் நலம்.