டெஸ்டர் பல்பு எரிந்தால் போதுமா? வீட்டு வயரிங்கைச் சோதிக்கும் மல்டிஃபங்ஷன் டெஸ்டர்: எப்படி வேலை செய்கிறது?

வாஷிங்மெஷினைத் தொட்டா லேசா 'சுர்'ருனு இழுக்குதா? அலட்சியம் வேண்டாம். ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதி பக்கம் பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேனுக்கும் பல்புக்கும் போட்ட வயரிங்கில் இன்று கீசரும் ஏசியும் ஓடினால், ஆபத்து சுவருக்குள்ளேயே இருக்கலாம்.

ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் போதாதா?

போதாது. ஃபேஸ் வருதா என்று மட்டும்தான் அது சொல்லும். மூன்று பின் சாக்கெட்டின் மேல் துளையில் எர்த் வயர் உண்மையில் இணைந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

மல்டிஃபங்ஷன் டெஸ்டர் என்ன செய்யும்?

1. எர்த் தொடர்ச்சி: மெயினை அணைத்துவிட்டு, எர்த் வயர் எங்கேயும் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும்.

2. இன்சுலேஷன்: 500 வோல்ட் டிசி செலுத்திப் பார்க்கும். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவர்களில் இது குறையலாம். சோதனைக்கு முன் இன்வெர்ட்டரையும் அணைத்து, டிவி, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

3. லூப் இம்பிடன்ஸ்: மின்சாரம் இருக்கும்போது செய்வது. கசியும் மின்சாரம் திரும்பும் பாதையில் 10 ஓம் தடை இருந்தால், 230 வோல்ட்டில் பாய்வது 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது! அதுவரை மெஷின் பாடியில் கரண்ட் இருக்கும்.

4. ஆர்சிசிபி சோதனை: அந்த நேரத்தில் உயிரைக் காப்பது இதுதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். பாதி அளவான 15-ல் விழக்கூடாது.

'டெஸ்ட்' பட்டனை அழுத்தினா போதுமே?

மாதம் ஒருமுறை அழுத்துங்கள், நல்லதுதான். ஆனால் எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எத்தனை மில்லி விநாடியில் விழுந்தது என்பதையும் காட்டாது.

நாமே செய்யலாமா?

வேண்டாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். வேலை முடிந்ததும், "எல்லாம் ஓகே சார்" என்ற பதிலோடு விட்டுவிடாமல், நான்கு அளவுகளையும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை சோதிக்கும்போது எது மோசமாகியிருக்கிறது என்று அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும்.

ஷாக் அடிக்கும் மெஷினை அதுவரை பிளக்கில் மாட்டாதீர்கள்.