வெப்பாக்கும் அதன் பதுக்கும்

யாவாஸ்கிரிப்ற் மொழியில் இயற்றப்படும் பெரிய நிரல் ஒரே கோப்பாய் அமைவதன்று. மொடியூல் எனப்படும் பல நூறு கூறுகளாய்ப் பிரிந்து கிடப்பது. அவற்றுள் எது எதனை வேண்டி நிற்கின்றதென ஆராய்ந்து, வேண்டியவாறு மாற்றி, உலாவிக்கேற்ற சில கோப்புக்களாகக் கட்டித் தருவன பொதியாக்கிகள். அவற்றுள் நெடிது வழங்கிவருவனவற்றுள் ஒன்று, தோபியாஸ் கொப்பர்ஸ் என்பார் தொடக்கிய வெப்பாக் ஆகும்.

ஒரு வரியைத் திருத்தியதற்காக எல்லாக் கூறுகளையும் மீளவும் வாசித்துக் கட்டுதல் வீண்வேலை. ஆகவே, முன்னர்ச் செய்ததன் பயனைச் சேமித்துவைக்கும் பதுக்கு முறை எழுந்தது. நெடுங்காலம் வெப்பாக்கின் சொந்தப் பதுக்கு நினைவகத்தில் மட்டுமே இருந்தது. வெப்பாக்கை நிறுத்தியதும் அழிந்தது. 2020 ஒக்ரோபரில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே அதனை வன்தட்டில் நிலைக்கச் செய்தது. எனினும் இவ்வசதி தானே வருவதன்று. அமைப்புக் கோப்பில் வேண்டிப் பெறல் வேண்டும்.

சேமித்தல் எளிது, சேமித்தது இன்னுஞ் செல்லுமோ என அறிதலே அரிது. பழைய விடையைப் புதியதெனத் தரும் பதுக்கினும் பதுக்கின்மையே நன்று. தாமதத்தை எவருங் காண்பர். இப்பிழையைப் பலர் காணார். இதன்பொருட்டு வெப்பாக், ஒவ்வொரு கூறோடும் அதன் ஆக்கத்திற் பங்குகொண்ட கோப்புக்களின் நிலையையும் குறித்துவைக்கின்றது. கோப்பு மாறிய நேரத்தை ஒப்பிடுதல் விரைவு. ஆயின், களஞ்சியமொன்றிலிருந்து கோப்புக்களைப் புதிதாய் இறக்கிய கணினியில் நேரங்கள் யாவும் புதியனவாய் இருக்குமாகலின், உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஹாஷ் என்னுஞ் சுருக்கக் குறியே அங்குத் துணையாகும்.

இதனினும் நுட்பமானதொன்றுண்டு. இல்லாத கோப்புக்களையும் அது குறித்துவைக்கின்றது! ‘கணக்கு’ என்னுங் கூறு வேண்டப்படின், முதலில் ‘ஜேஎஸ்’ என்னும் ஈறுடைய கோப்புத் தேடப்படும்; அஃதில்லையாயின் ‘ஜேசன்’ ஈறுடையது கொள்ளப்படும். நாளை எவரேனும் முன்னையதை ஆக்கிவைப்பின், இருந்த கோப்பு எதுவும் மாறாதிருந்தும் விடை மாறிவிடும். தேடிக் கிடையாதவற்றையும் எழுதிவைத்தமையாலேயே இம்மாற்றம் பிடிபடுகின்றது.

நோட் மொடியூல்ஸ் என்னும் அடைவிலுள்ள பிறர் பொதிகளைப் பற்றிய கொள்கை வேறு. அங்குள்ள ஆயிரக்கணக்கான கோப்புக்களை ஒவ்வொன்றாய் நோக்காது, பொதியின் பெயரையும் பதிப்பெண்ணையுமே வெப்பாக் நம்புகின்றது. அவற்றுளொன்றைக் கையாற் திருத்துவோர், திருத்தம் பலியாமை கண்டு மயங்குவது இதனாலேயாம்.

அமைப்புக் கோப்பே மாறின் என்னாகும்? அதனைக் கட்டுமானச் சார்பென முன்னரே அறிவித்திருப்பின் பதுக்கு முழுவதும் தள்ளப்படும். அக்கோப்பு வாசிக்கும் சூழல் மாறிகளைக் காணவோ வெப்பாக்கிற்குக் கண்ணில்லை. அவற்றைப் பதுக்கின் பதிப்புக் குறியிற் சேர்த்தல் நிரலாக்குவோன் கடன்.