அடுக்குமாடி வீட்டில் செடி வளர்ப்பு: வெளிச்சம் அறிந்து தேர்வு செய்க

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகி வருகின்றன. ஊரில் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பங்கள் பலவும் பிள்ளைகளின் வேலையை ஒட்டி இத்தகைய வீடுகளில் குடியேறியுள்ளன. மண்ணோடு பழகியவர்களுக்கு வீட்டில் பச்சை இல்லாவிட்டால் மனம் ஒப்புவதில்லை. எனவே நர்சரியில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் நான்கைந்து தொட்டிகளை வாங்கி வந்து வைக்கின்றனர். இரண்டு மாதங்களில் ஒன்றிரண்டு அழுகிவிடுகின்றன. மற்றவை இலை உதிர்த்து நிற்கின்றன. கைராசி இல்லை என்று எண்ணி முயற்சியையே விட்டுவிடுவோர் அதிகம்.

இதில் கைராசிக்கு வேலை இல்லை. வைக்கும் இடத்தின் வெளிச்சத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிச்சத்திற்குத் தக்கபடி நீர் ஊற்ற வேண்டும். இவ்விரண்டையும் கடைப்பிடித்தால் வாரம் அரை மணி நேரப் பராமரிப்பே போதுமானது.

செடி அழுகுவது ஏன்?

வயலில் கொளுத்தும் வெயிலும் காற்றும் உண்டு. பயிர் நாள்தோறும் ஏராளமான நீரை இலை வழியே ஆவியாக்குகிறது. எனவே அங்கு நீர் பாய்ச்சுவது பயிரைக் காக்கிறது. வீட்டின் உள்ளே நிலைமை வேறு. வெளிச்சம் குறைவாக இருப்பதால் செடி உணவு தயாரிப்பதும் நீரை உறிஞ்சுவதும் மிகவும் குறைந்துவிடுகின்றன. வயலில் பழகிய கை தினமும் ஒரு செம்பு நீர் ஊற்றினால், அந்த நீர் தொட்டியிலேயே தங்கி மண்ணின் காற்று இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. வேர்கள் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்குகின்றன.

அழுகிய வேரால் நீரை எடுக்க முடியாது. ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் வாடுகின்றன. வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவதால் செடி முற்றிலும் அழிகிறது. வீட்டினுள் வைக்கும் செடிகள் வறட்சியால் சாவதைவிட இவ்வாறு நீர் மிகுந்து சாவதே அதிகம்.

வெளிச்சத்தை அளப்பது எப்படி?

மனிதக் கண் எந்த வெளிச்சத்திற்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் கூடம் வெளிச்சமாக இருப்பதாகவே தோன்றும். திறந்த வெளியில் நேர் வெயிலின் அளவு ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். சன்னலிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் உள்ளே தள்ளி அளந்தால் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் மட்டுமே இருக்கும்.

கருவி இல்லாமலே இதனைக் கண்டறியலாம். நண்பகலில் விளக்குகளை அணைத்துவிட்டு, செடி வைக்க எண்ணியுள்ள இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைக்க வேண்டும். தாளுக்கு 30 செ.மீ. உயரத்தில் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். விரல்களின் நிழல் தெளிவாக விழுந்தால் அது நல்ல வெளிச்சம். நிழல் மங்கலாக விழுந்தால் நடுத்தர வெளிச்சம். நிழலே தெரியவில்லை என்றால் அங்கு எந்தச் செடியும் நெடுநாள் நிலைக்காது.

பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். வெளிநாட்டுத் தோட்டக்கலை நூல்களில் வடக்குப் பக்கம் வெயில் வராது என்றும் தெற்குப் பக்கம் ஆண்டு முழுவதும் வெயில் வரும் என்றும் எழுதியிருப்பார்கள். அது நமக்குப் பொருந்தாது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. கோடையில் வடக்குப் பால்கனியிலும் காலை மாலை வெயில் சாய்ந்து விழும். ஜூன் மாதத்தில் தெற்குப் பால்கனியில் நேர் வெயில் இருக்காது. மாறாக டிசம்பர், ஜனவரியில் தெற்கு வெயில் பால்கனியின் உள்சுவர் வரைகூட வரும். ஆகவே பருவத்திற்கேற்பத் தொட்டிகளை ஒரு முழம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்வது நல்லது. கிழக்குப் பால்கனியின் இளவெயில் பெரும்பாலான செடிகளுக்கு உகந்தது. மேற்குப் பால்கனியின் பிற்பகல் வெயிலை, குறிப்பாக அக்கினி நட்சத்திர நாட்களில், வெயில் தாங்கும் இனங்களே பொறுக்கும்.

வீட்டினுள் வைக்க ஏற்றவை

பாம்புச் செடி: நம் நாட்டு மருள் கற்றாழையின் உறவினம். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைக்கும். நடுத்தர வெளிச்சத்தில் 15 முதல் 20 நாட்களுக்கு ஒரு முறை நீர் ஊற்றினால் போதும். இலைத் துண்டை நட்டும் புதுச் செடி எடுக்கலாம். ஆனால் மஞ்சள் விளிம்பு உள்ள வகையை அவ்வாறு பெருக்கினால் விளிம்பு நிறம் மறைந்துவிடும். அதனைத் தூர் பிரித்தே நட வேண்டும்.

இசட்.இசட். செடி: கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் வளர்வது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் நீரைச் சேமிக்கிறது. மாதம் ஒரு முறை நீர் தவறினாலும் தாங்கும். அடிக்கடி வெளியூர் செல்வோருக்கு இதனைவிட ஏற்ற செடி இல்லை.

மணி பிளான்ட்: அண்டை வீட்டிலிருந்து கணுவுடன் ஒரு கொடித்துண்டு வாங்கினாலே போதும். மண்ணிலும் வளரும், நீர்ப் புட்டியிலும் வளரும். வெளிச்சம் குறைந்தால் இலையிலுள்ள மஞ்சள் வரிகள் மங்கும். அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொண்டு சன்னல் அருகே நகர்த்த வேண்டும்.

அக்லோனிமா: பச்சையும் வெள்ளியும் கலந்த இலை உடையவை குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும். சிவப்பு இலை வகைகளுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை.

ஸ்பைடர் பிளான்ட்: புல் போன்ற இலைகளைக் கொண்டது. ஓடுதண்டின் நுனியில் குட்டிச் செடிகள் தொங்கும். அவற்றைக் கிள்ளி நடலாம். உப்பு மிகுந்த நீர் ஊற்றினால் இலை நுனி கருகும்.

பால்கனிக்கு ஏற்றவை

நாள்தோறும் 5 மணி நேரத்திற்கு மேல் வெயில் விழும் பால்கனியில் காகிதப்பூ, அடீனியம், டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி, சோற்றுக்கற்றாழை, பிரண்டை ஆகியவற்றை வைக்கலாம். காகிதப்பூவுக்கு நீரைச் சற்றுக் குறைத்தால்தான் பூ மிகும். காலை வெயில் மட்டும் வரும் இடத்தில் துளசி, இட்லிப்பூ, கற்பூரவல்லி ஆகியவை நன்கு வரும். நிழலும் ஈரமும் உள்ள மூலையில் வெற்றிலைக் கொடியை ஏற்றலாம். இதற்கு மட்டும் தினமும் சிறிது நீர் தேவை.

ரோஜா, மல்லிகை, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பலரும் ஆசையுடன் வாங்குகின்றனர். இவற்றுக்கு நல்ல வெயிலும் பெரிய தொட்டியும் வேண்டும். வெயில் இல்லாத பால்கனியில் ரோஜா ஒரு முறை பூத்து நின்றுவிடும். அது நர்சரியில் உருவான மொட்டே தவிர, வீட்டில் உருவானது அல்ல. மாடி உயர உயரக் காற்றின் வேகமும் கூடும் என்பதால், மேல்தளங்களில் அகன்ற, மெல்லிய இலைச் செடிகளைத் தவிர்ப்பது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இலையின் அடிப்புறத்திலும் கணுக்களிலும் வெள்ளைப் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி உள்ளதா என்று பார்க்க வேண்டும். பூ நிறைந்த செடியைவிடப் புதுத் துளிர் விடும் செடியே மேலானது. வாங்கி வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றக்கூடாது. நிழல்வலைக் குடிலில் வளர்ந்த செடி புது இடத்திற்குப் பழக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அப்போது சில இலைகள் உதிர்வது இயல்பு.

தொட்டியும் மண்ணும்

தொட்டியின் அடியில் துளை அவசியம். துளையில்லாத பீங்கான் தொட்டி அழகாக இருந்தால், துளையுள்ள சிறு பிளாஸ்டிக் தொட்டியில் செடியை நட்டு அதனுள் இறக்கி வைக்கலாம். துளையின் மேல் ஓர் ஓட்டுத் துண்டு போதும். அடியில் கனமாக ஜல்லி நிரப்புவதால் வடிகால் மேம்படுவதில்லை. வேர் பரவும் இடமே குறைகிறது.

பால்கனிச் செடிகளுக்குச் செம்மண், மக்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம பங்கு கலக்கலாம். மக்காத நார்க்கழிவில் உப்பும் துவர்ப்புப் பொருளும் இருக்கும். எனவே இரண்டு மூன்று முறை நீரில் அலசியே பயன்படுத்த வேண்டும். பாம்புச் செடி, இசட்.இசட்., அடீனியம், கற்றாழை ஆகியவற்றுக்கு நார்க்கழிவு வேண்டாம். செம்மண் 1 பங்கு, பருமணல் 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு என்ற கலவை ஏற்றது.

உரம் அதிகம் தேவையில்லை. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கைப்பிடி மண்புழு உரம் இட்டு மண்ணைக் கிளறிவிட்டால் போதும். காய்கறிக் கழிவை அப்படியே தொட்டியில் போடுவது சிறு ஈக்களை வரவழைக்கும்.

நீர் ஊற்றும் முறை

கிழமை வைத்து நீர் ஊற்றக்கூடாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். மணி பிளான்ட், அக்லோனிமா, ஸ்பைடர் பிளான்ட் ஆகியவற்றுக்கு அந்த ஆழம் உலர்ந்ததும் ஊற்றலாம். பாம்புச் செடிக்கும் இசட்.இசட். செடிக்கும் தொட்டி மண் முழுவதும் உலர வேண்டும். ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடைவெளியை மேலும் நீட்டிக்க வேண்டும்.

குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். கடினநீரை மென்னீராக்கும் கருவியிலிருந்து வரும் நீரில் சோடியம் அதிகம். இரண்டும் தொட்டிச் செடிக்கு ஆகாதவை. ஏ.சி. கருவியிலிருந்து சொட்டும் நீரை அழகுச் செடிகளுக்கு ஊற்றலாம்; துளசி, கற்பூரவல்லி போன்று உண்ணும் செடிகளுக்குத் தவிர்க்கலாம்.

மாவுப்பூச்சி தென்பட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். பரவிவிட்டால் 1 லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பாதுகாப்பு

தவழும் குழந்தை உள்ள வீட்டில் செடித் தேர்வில் கூடுதல் கவனம் தேவை. டிஃபன்பேக்கியா, மணி பிளான்ட், அக்லோனிமா, இசட்.இசட். ஆகியவற்றில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உள்ளன. இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அரளியும் அடீனியமும் இதயத்தைத் தாக்கும் நச்சு உடையவை. நித்தியகல்யாணியும் உட்கொள்ளத் தகாதது. இத்தகைய வீடுகளில் ஸ்பைடர் பிளான்ட், கற்பூரவல்லி, துளசி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தை ஏதேனும் இலையைக் கடித்துவிட்டால் வாயைக் கழுவி, அந்த இலையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தொட்டித் தட்டிலும் மணி பிளான்ட் புட்டியிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும். உலர்ந்த தட்டில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே வாரம் ஒரு முறை நீரை மாற்றுவதோடு தட்டையும் புட்டியையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நனைந்த தோட்ட மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பெரிய தொட்டி ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். கனமான தொட்டிகளைப் பால்கனியின் வெளி விளிம்பில் அடுக்காமல் உள்சுவரை ஒட்டி வைப்பது நல்லது. கைப்பிடிச் சுவரின் மேல் எந்தத் தொட்டியும் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயல் பெருமரங்களையே சாய்த்தது. அத்தகைய காற்றில் மாடியிலிருந்து விழும் ஒரு தொட்டி கீழே செல்வோரின் உயிரைப் பறித்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தொங்கு தொட்டிகள் உட்பட அனைத்தையும் வீட்டினுள் எடுத்துவிட வேண்டும்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

சில செடிகளை வைத்தால் வீட்டுக் காற்று தூய்மையாகும் என்று விற்பனையில் கூறப்படுகிறது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1989இல் வெளியிட்ட ஆய்வு அடைக்கப்பட்ட சிறு அறைகளில் செய்யப்பட்டது. வீட்டில் சன்னல், கதவு வழியே காற்று ஓயாமல் மாறுகிறது. 2019இல் வெளியான ஒரு மறு ஆய்வு, அந்தக் காற்றோட்டத்திற்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டியிருக்கும் எனக் கணக்கிட்டது. பாம்புச் செடி இரவில் உயிர்க்காற்று தரும் என்பதும் சரியன்று. அது இரவில் கரியமில வாயுவை உள்ளே எடுத்துச் சேமிக்கிறது. உயிர்க்காற்று வெளிவருவது வெளிச்சத்தில்தான். எனவே இக்காரணத்திற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. சன்னலைத் திறந்து வைப்பதே சிறந்தது.

செடியின் பயன் வேறு. நிலத்தை விட்டு வந்த முதியவருக்கு அது காலையில் கைக்கு ஒரு வேலை. பேரக் குழந்தைக்குத் துளிரும் வேரும் காட்டும் பாடம். முதன்முறையாகத் தொடங்குவோர் ஐந்தாறு செடிகள் வாங்காமல், வீட்டினுள் ஒரு பாம்புச் செடியும் பால்கனியில் ஒரு கற்பூரவல்லியும் மட்டும் வைக்கலாம். கற்பூரவல்லி இலை சளி, இருமலுக்குக் கஷாயத்திற்கும் உதவும். இவை இரண்டும் மூன்று மாதங்கள் செழித்து நின்றால், வீட்டின் வெளிச்சமும் நீரின் அளவும் பிடிபட்டுவிட்டன என்று கொள்ளலாம். அதன் பிறகு மற்ற செடிகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே சிக்கனமான வழி.