ஆடுகளமும் ஓர் அவையே

கல்லூரியில் புதிதாகக் கால் வைக்கும் மாணவருள் இரு திறத்தார்க்கு அச்சம் மிகுதி. கடல் கடந்து நம் நாட்டிற்குக் கற்க வரும் அயல்நாட்டார் ஒரு திறத்தார். மணலியை அடுத்த மாத்தூர் போன்ற ஊர்களிலிருந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் மற்றொரு திறத்தார். முன்னவர்க்குத் தமிழ் புதிது. பின்னவருட் பலர்க்கு ஆங்கிலம் புதிது. வகுப்பில் வாய் திறக்க இரு திறத்தாரும் கூசுவர். ஆயினும், பாட வேளை முடிந்தபின் இவர்களை ஒருங்கே அழைக்கும் இடம் ஒன்று கல்லூரியில் உண்டு. அதுவே ஆடுகளம். அங்கே பந்துதான் மொழி.

விளையாட்டிடத்தை நம் முன்னோர் எளிதாக எண்ணினாரல்லர். சங்க காலச் சோழன் ஒருவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி எனப் பெயர் பெற்றான். போரவை என்பது மற்போர் பயிலும் இடம் என்பர். கற்றோர் கூடுமிடத்திற்கு உரிய ‘அவை’ என்னும் சொல், மல்லர் கூடுமிடத்திற்கும் உரியதாயிற்று. அவை என்றால் அதற்கு ஒழுங்கு உண்டு. புதிதாகப் புகுவோர் அவ்வொழுங்கை அறிந்து புகுதல் நன்று.

கல்லூரிகள் தம்முள் எதிர்த்து ஆடும் வழக்கம் மேலை நாட்டில் வளர்ந்தது. 1829-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் தேம்ஸ் ஆற்றில் முதன்முதல் படகுப் போட்டி நடத்தின. 1852-இல் அமெரிக்காவின் ஹார்வர்டும் யேலும் ஏரி ஒன்றில் படகு செலுத்திப் பொருதன. இன்று அந்நாட்டில் கல்லூரி விளையாட்டு ஒரு பெருந்திருவிழாவாகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் அமரலாம். அங்குக் களத்தில் நிற்போர் சிலர்; கண்டு களிப்போர் பலர்.

சென்னையில் இக்கலை வேரூன்றத் துணை செய்தவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அவரும் இந்நகருக்குப் புதியவராய் வந்தவரே. 1920-இல் அவர் இங்கு உடற்கல்வி ஆசிரியரைப் பயிற்றும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-இல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டிற்குச் சென்ற இந்திய அணியுடன் பக் அவர்களும் சென்றார். எனினும் சில வீரரை ஆக்குவதினும் பல ஆசிரியரை ஆக்கியதே அவர்தம் அருந்தொண்டு. ஓர் ஆசிரியர் பயின்று வந்தால், ஒரு பள்ளி முழுதும் விளையாடுமன்றோ?

நம் கல்லூரி விளையாட்டு மூன்று படிகளை உடையது. முதற்படி, கல்லூரிக்குள்ளேயே துறைகளும் விடுதிகளும் தம்முள் ஆடுவது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் செலையூர், தூய தாமஸ், பிஷப் ஹீபர் என்னும் விடுதிகளிடையே நிலவும் போட்டி நெடுநாளையது. இரண்டாம் படி, ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் தம்முள் பொருவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை விளங்கிய டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் பெயரால் நடக்கும் தடகளப் போட்டி இவ்வகையது. மூன்றாம் படி, நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்கள் பொருவது. இதில் ஒட்டுமொத்தமாகச் சிறந்து நிற்கும் பல்கலைக்கழகத்திற்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கும் வழக்கம் 1956-57-ஆம் ஆண்டில் தோன்றியது. 2020-இல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் புவனேசுவரத்தில் தொடங்கின.

இப்படிகளில் ஏற ஒருவர் பிறந்த ஊரோ, பேசும் மொழியோ தடையாதல் கூடாது. அகவையும் சில வேளை தடையாவதில்லை. இலயோலாக் கல்லூரியில், அதன் முதல் முதல்வராகிய பெர்ட்ராம் பாதிரியார் பெயரால் கல்லூரி மாணவர்க்கெனப் போட்டிகள் நடப்பதுண்டு. இராமநாதன் கிருஷ்ணன் என்னும் பள்ளிச் சிறுவர் கல்லூரி முதல்வரிடம் தனி ஒப்புதல் பெற்று, அங்கு டென்னிஸ் ஆடினார். 1951-இல் வெற்றியும் பெற்றார். 1954-இல் விம்பிள்டனில் இளையோர் பட்டம் வென்ற முதல் ஆசியர் அவரே. 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அங்கு அரையிறுதி வரை முன்னேறினார். கேளாதிருந்தால் அக்கதவு திறந்திராது.

ஆகவே, புதிய மாணவர் முதற்கண் செய்யத்தக்கது உடற்கல்வி இயக்குநரைச் சென்று காண்பது. கல்வியாண்டின் தொடக்கத்தில் அணிக்கு ஆள் தெரிவர். தெரிவில் இடம் பெறாதார் நாணி ஒதுங்க வேண்டுவதில்லை. துறைகளுக்குள் நடக்கும் ஆட்டத்தில் எல்லார்க்கும் இடமுண்டு. பதினொருவர் ஆடும் அணிக்கும் பந்தெடுத்துத் தர, புள்ளி குறிக்க, காயத்திற்குக் கட்டுப் போடப் பலர் வேண்டும். நடுவர் தீர்ப்பை மறுத்துப் பேசலாகாது. நம் களத்திற்கு வந்த எதிரணியார் நம் விருந்தினர். அவர்தம் ஊரையும் நிறத்தையும் பேச்சையும் பழித்துக் கூவுவோர், ஆட்டத்தில் வென்றாலும் அவையில் தோற்றவராவர்.

அயல்நாட்டு மாணவர்க்கு நம் சடுகுடு வியப்பளிக்கும். ஒரே மூச்சில் பாடிச் சென்று, எதிரியைத் தொட்டு மீளும் இவ்வாட்டத்திற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டா. கபடி என்னும் பெயரால் 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இது பதக்கப் போட்டியாயிற்று. இதை அவர்க்குக் கற்பிக்கும் மாணவர், அவரிடமிருந்து அவர் நாட்டு ஆட்டத்தைக் கற்கலாம். கொடுத்தும் கொண்டும் வளர்வதே நட்பு.

வடசென்னை மாணவர்க்கோ ஆட்டம் புதியதன்று. வியாசர்பாடியின் கால்பந்தும், வண்ணாரப்பேட்டைத் தெருக்களின் கேரமும் பெயர் பெற்றவை. புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த தானி ஓட்டுநரின் மகளான காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். தெருவில் தேர்ந்த திறமைக்குக் கல்லூரியிலும் மதிப்புண்டு. விளையாட்டிற் சிறந்தோர்க்குச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு உள்ளது. ஆதலின் பள்ளிப் போட்டிகளில் பெறும் சான்றிதழ்களைப் போற்றி வைத்தல் வேண்டும்.

பெற்றோர் சிலர், ‘ஆடப் போனால் படிப்புக் கெடும்’ என அஞ்சுவர். அவ்வச்சத்தை இகழ்தல் தகாது. அரிதிற் கிடைத்த கல்வி கைநழுவிப் போமோ என்னும் கவலையே அது. களத்திற் செலவிட்ட காலத்தை ஈடு செய்து, விடுபட்ட பாடங்களைத் தோழரிடம் கேட்டுக் கற்பதே அதற்குத் தக்க விடை. நாள்தோறும் குறித்த வேளையில் களத்திற்குச் செல்லும் ஒழுங்கு, நூலுக்கும் அவ்வாறே வேளை குறிக்கக் கற்பிக்கும்.

போரவைக் கோப்பெருநற்கிள்ளி தன் தந்தையாகிய தித்தனோடு மனம் மாறுபட்டிருந்தான் என்பர். அவன் ஆமூரில் மல்லன் ஒருவனை எதிர்த்துப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடினார்; அப்பாட்டு புறநானூற்றில் உள்ளது. மகிழினும் மகிழாவிடினும் தித்தன் வந்து இதைக் காணல் வேண்டும் என்பதே அப்புலவரது விருப்பம். தித்தன் வந்தானா என்பது அப்பாட்டில் இல்லை. மாணவர்களே, நும் பெற்றோர்க்கு அத்தகைய புலவர் வேண்டா. நீங்கள் ஆடும் நாளில் நீங்களே அவர்களைக் களத்திற்கு அழையுங்கள்.