பதினான்காம் திருத்தம் யாருக்காக?

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் ஜான் பேரன் என்பவருக்குப் பங்குள்ள ஒரு படகுத்துறை இருந்தது. பெரிய கப்பல்களும் வந்து அணையும் அளவுக்கு அங்கே ஆழம். நகராட்சி தெருக்கள் போடுவதற்காக ஓடைகளைத் திருப்பிவிட்டது. அவை அடித்துக்கொண்டு வந்த மணலும் சேறும் துறையை மேடாக்கின. கப்பல் வரத்து நின்றது. பேரன் வழக்குப் போட்டார். தனியார் சொத்தைப் பொதுத் தேவைக்கு எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம் சொல்கிறதே என்பது அவர் வாதம். 1833-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கைவிரித்துவிட்டார். உரிமைச் சாசனம் எனப்படும் முதல் பத்துத் திருத்தங்கள் நடுவண் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களையும் அவற்றின் நகராட்சிகளையும் அல்ல என்றார்.

அன்றாடம் மக்களைக் கைது செய்வதும், வீடு புகுந்து சோதனையிடுவதும், சிறையில் தள்ளுவதும் பெரும்பாலும் மாநிலங்கள்தாம். பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்ட இடத்தில் உரிமைச் சாசனம் செல்லாமல் போனது.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் நிலைமை மாறியிருக்க வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைத் தென் மாநிலங்கள் புதுச் சட்டங்களால் மறுபடியும் கட்டிப்போட முனைந்தன. அதைத் தடுக்கத்தான் 1868-இல் பதினான்காம் திருத்தம் வந்தது. உரிய சட்டமுறை இல்லாமல் எந்த நபரின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது, சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுக்கக் கூடாது என்றது அது.

‘நபர்’ என்று எழுதியிருந்ததை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவை கம்பெனிகள்.

ஒரு தொழிலைச் சட்டப்படி கம்பெனியாகப் பதிவு செய்த கணத்தில் ஒரு புதிய சட்ட நபர் பிறக்கிறார். தன் பெயரில் சொத்து வாங்கலாம், கடன் படலாம், வழக்குப் போடலாம். லண்டன் வைட்சேப்பல் பகுதியில் தோல் காலணி செய்துவந்த ஆரன் சாலமன் 1892-இல் தன் தொழிலைக் கம்பெனியாக்கினார். பங்குதாரர்கள் அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும். மொத்தம் 20,007 பங்குகளில் 20,001 சாலமனிடம், மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி நொடித்தபோது, ‘இது அவர் ஆடும் நாடகம், கடனை அவரே அடைக்கட்டும்’ என்று கடன் கொடுத்தவர்கள் தரப்பில் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 1896 நவம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை மறுத்தது. சாலமன் வேறு, அவருடைய கம்பெனி வேறு. இந்தியக் கம்பெனிச் சட்டமும் இன்றுவரை இதே தூணின் மேல்தான் நிற்கிறது. வீட்டையும் நகையையும் பணயம் வைக்காமல் துணிந்து முதல் போடச் செய்த நல்ல ஏற்பாடு இது. அதில் குறை காண்பதற்கில்லை.

ஆனால் வணிக வசதிக்காகப் பிறந்த இந்த நபருக்கும் விடுதலை பெற்ற அடிமைக்கும் ஒரே திருத்தம்தான் கவசமா? 1886-இல் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டத்துக்கும் சதர்ன் பசிபிக் ரயில்வேக்கும் நடந்த வரி வழக்கில் தலைமை நீதிபதி வெயிட், வாதம் தொடங்கும் முன்பே, சமப் பாதுகாப்பு கம்பெனிகளுக்கும் உண்டு என்பதில் நீதிபதிகள் எல்லோரும் ஒருமித்திருப்பதாகச் சொல்லிவிட்டார். தீர்ப்பில் அதற்குக் காரணமே இல்லை. தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் நீதிமன்ற அலுவலர் தீர்ப்பின் தலைக்குறிப்பில் அதைச் சேர்த்தார். அந்தக் குறிப்பே பின்னாளில் சட்டம்போல் எடுத்தாளப்பட்டது.

1897-இல், பேரனுக்கு மறுக்கப்பட்ட அதே இழப்பீட்டு உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதைப் பெற்றுத்தந்த வழக்கும் ஒரு ரயில்வே கம்பெனிக்கும் சிகாகோ நகரத்துக்கும் நடந்ததுதான். (கம்பெனிக்குக் கிடைத்த இழப்பீடு என்னவோ ஒரே ஒரு டாலர்!) முதல் ஐம்பது ஆண்டுகளில் இத்திருத்தத்தின்கீழ் வந்த வழக்குகளில் கறுப்பின மக்களைக் காக்கக் கோரியவை அரை சதவீதத்துக்கும் குறைவு, கம்பெனிகளுக்காக வந்தவை பாதிக்கு மேல் என்று நீதிபதி ஹியூகோ பிளாக் 1938-இல் எழுதினார்.

மனிதர்களின் முறை மெல்ல வந்தது. சோசலிச அறிக்கைக்காகத் தண்டிக்கப்பட்ட பெஞ்சமின் கிட்லோவின் வழக்கில், 1925-இல், பேச்சுரிமையை மாநிலங்களும் மதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அவருடைய தண்டனையை மட்டும் நீக்கவில்லை. உரிமைச் சாசனத்தின் உரிமைகளைப் பதினான்காம் திருத்தத்தின் வழியே மாநிலங்கள்மீதும் ஏற்றும் இந்த முறைக்குத்தான் அமெரிக்கச் சட்டத்தில் உட்சேர்ப்பு என்று பெயர். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் சேருங்கள் என்று 1947-இல் பிளாக் வாதாடினார், பெரும்பான்மை கேட்கவில்லை. ஆகவே ஒவ்வொரு உரிமைக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொரு வழக்குக்கும் அடிபட்ட ஒரு ஆள்.

அவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். 1961-இல் ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாகப் பிடிபட்டார். வக்கீல் வைக்கப் பணமில்லை. அரசு செலவில் ஒருவரைக் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குக்குத்தான் அந்த வசதி என்றார் நீதிபதி. தானே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறை பெற்ற கிடியன், சிறைக் காகிதத்தில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-இல் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் பிளாக். மறு விசாரணையில், வக்கீல் துணையோடு, கிடியன் விடுதலையானார்.

உரிமைகள் மாநிலங்களைக் கட்டுப்படுத்துமா என்ற இந்தச் சிக்கலுக்கு இந்திய அரசமைப்பை எழுதியவர்கள் இடமே வைக்கவில்லை. 12-ஆம் பிரிவு நாடாளுமன்றம், மாநில அரசுகள், உள்ளாட்சிகள் எல்லாவற்றையும் ‘அரசு’ என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்தது. அடிப்படை உரிமைகள் முதல் நாளிலிருந்தே இவை எல்லாவற்றையும் கட்டுப்படுத்தின. கம்பெனிகளைப் பொறுத்தவரை, கம்பெனி குடிமகன் அல்ல, ஆகவே குடிமக்களுக்கே உரிய 19-ஆம் பிரிவின் சுதந்திரங்களைத் தானாகக் கோர முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1963-இல் சொன்னது.

அமெரிக்காவில் வேலை இன்னும் முடியவில்லை. லூசியானாவில் பன்னிரண்டு ஜூரிகளில் பத்துப் பேர் ஒத்துக்கொண்டாலே கடுங்குற்றத்துக்குத் தண்டிக்கலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. கறுப்பின ஜூரிகளின் குரலைச் செல்லாததாக்கும் நோக்கத்தோடு 1898-இன் மாநில அரசமைப்பு மாநாட்டில் விதைக்கப்பட்ட வழக்கத்தின் தொடர்ச்சி அது. ஜூரிகளின் ஒருமித்த முடிவு மாநிலங்களிலும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020-இல். திருத்தம் வந்து 152 ஆண்டுகளுக்குப் பிறகு. அடுத்த ஆண்டே இன்னொரு தீர்ப்பு வந்தது: மேல்முறையீடு முடிந்து சிறையில் இருக்கும் பழைய கைதிகள் இதன் பயனைக் கோர முடியாது.