சதைப்பற்றுச் செடிகளுக்குக் கவாத்து

ஜன்னல் ஓரத்திலும் பால்கனிச் சுவர் மீதும் சிறு தொட்டிகளில் வளரும் சதைப்பற்றுச் செடிகள், நர்சரிகளில் 'சக்குலன்ட்' என்ற பெயரால் விற்கப்படுபவை, வாங்கிவந்த ஓரிரு வருஷங்களில் பெரும்பாலான வீடுகளில் ஒரே நிலையை அடைந்துவிடுகின்றன. தண்டு வெளிச்சத்தைத் தேடி ஒருபக்கமாக நீண்டு, அடியிலைகள் உதிர்ந்துபோய், நுனியில் மட்டும் ஒரு கொத்து இலையைத் தாங்கிச் சாய்ந்து நிற்கும். அதைக் கண்டு மனம் சலித்தவர்கள் செடியையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதன்மேல் பிரியம் உள்ளவர்களோ, கத்தி பட்டால் செத்துவிடுமோ என்று அஞ்சிக் குச்சி நட்டுக் கட்டிவைக்கிறார்கள். இரண்டும் அவசியமில்லாதவை. கவாத்தை இவ்வளவு சுலபமாகத் தாங்கும் தொட்டிச் செடிகள் சிலவே என்பதும், வெட்டுவதைக் காட்டிலும் வெட்டியபின் உலரவிடுவதிலேயே இவற்றின் க்ஷேமம் இருக்கிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் சகிப்புத்தன்மை இவற்றுக்கு ஜன்மபூமி அளித்த கொடை. ஜேட் செடி என்று நாம் அழைக்கும் கிராசுலா ஓவாட்டா, தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிகளில், கல் நிறைந்த வறண்ட சரிவுகளில் ஆள் உயரத்துக்கு வளரும் புதர். அங்கே தன் பாரத்தாலேயே ஒடிந்து விழுந்த கிளையும், ஏன், உதிர்ந்த ஓர் இலையுங்கூட, தன்னுள் சேமித்த நீரைக்கொண்டே பல வாரம் உயிர் தரித்திருந்து, வேர்விட்டுத் தனிச் செடியாகிவிடும். முறிவதே அதற்கு இனவிருத்தி மார்க்கங்களுள் ஒன்று. நாம் கத்தியால் செய்வது, காற்றும் கனமும் அங்கே செய்துவருவதைச் சற்று யோசனையுடன் செய்வதுதான்.

நீரைச் சேமிக்கும் இந்த ஸ்வபாவத்தின் இரகசியத்தை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டோடு சம்பந்தமுள்ளவர். மொரேவியச் சபையைச் சார்ந்து தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாராகப் பணிபுரிந்த பெஞ்சமின் ஹேய்ன் என்ற ஜெர்மானியர், நம் ஊர்களில் ரணகள்ளி என்று வழங்கும் செடியின் இலையை மென்று பார்த்து, அது விடியற்காலையில் நன்றாகப் புளிப்பதையும், உச்சிப்பொழுதுக்குள் ருசியற்றுப் போவதையும் கவனித்து எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அந்தக் குறிப்பு 1815-ல் வந்தது. பகல் வெயிலில் நீர் ஆவியாகிவிடாதபடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து, அப்போது கிரகித்த கரியமிலவாயுவை அமிலமாக மாற்றி வைத்திருந்து மறுநாள் உபயோகிப்பதே அந்தப் புளிப்புக்குக் காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று.

தோட்டக்காரருக்கு இதில் பெரிய பிரயோஜனம் உண்டு. இரவு குளிர்ந்தால்தான் இந்தச் சுவாசம் செம்மையாக நடக்கும். ஆகவே, இரவிலும் புழுக்கம் தணியாத கத்திரி வெயில் நாட்களில் ஜேட், எச்சிவேரியா முதலியவை வளர்ச்சி குன்றிச் சோர்ந்திருக்கும். அப்போது வெட்டினால் துளிர்க்கத் தெம்பிராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ வெட்டுவாய் உலராமல் அழுகும். சமவெளியில் உள்ளவர்களுக்கு மழை ஓய்ந்து வெயில் முற்றாத மாசியும் பங்குனியின் முற்பகுதியுமே உத்தமமான காலம்.

ஜேட் செடியின் தண்டைக் கூர்ந்து பார்த்தால், ஜோடி ஜோடியாக இலை இருந்து உதிர்ந்த இடங்களில் மெல்லிய வளையங்கள் தெரியும். அவையே கணுக்கள். நுனிக்குருத்தில் உற்பத்தியாகிக் கீழ்நோக்கி இறங்கும் ஆக்சின் என்னும் ரசம், இந்தக் கணுக்களில் உள்ள மொட்டுகளை எழவிடாமல் உறங்கவைத்திருக்கிறது; நுனியை நீக்கியதும் அவை விழித்துக்கொள்கின்றன. செடிமுருங்கை பயிரிடுவோர், கன்று இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவதும் இதே நியாயத்தை ஒட்டித்தான். கிளை எங்கே பிரியவேண்டுமோ அங்குள்ள வளையத்துக்கு ஒரு நெல்லளவு மேலே வெட்டவேண்டும். மிச்சமுள்ள துண்டு சில வாரங்களில் சுருங்கி, வளையம்வரை காய்ந்து, தானாகவே உதிர்ந்துவிடும். அதன் இரு பக்கத்திலும் குண்டூசித் தலையளவில் இரண்டு பச்சைப் புள்ளிகள் எழும்பும். ஒரு தண்டு இரண்டாகி, அடுத்த வருஷம் அவையும் கிள்ளப்பட்டு நான்காகி, நாளடைவில் குட்டையான, அடிமரம் பருத்த ஒரு சிறு விருட்சமே நம்முன் உருவாகும். ஆனால் ஒரே தடவையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீக்கலாகாது. உள்நோக்கி வளர்ந்து குறுக்கிடும் கிளைகளை முதலில் எடுத்துவிட்டால் நடுவே காற்று புகும். மாவுப்பூச்சி ஒளிந்திருக்கவும் இடமிராது. போதிய சூரியப்பிரகாசம் இல்லாத இடத்தில் வைத்திருக்கும் செடியை எத்தனை முறை வெட்டினாலும் அது மறுபடியும் நீளவே செய்யும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ரோஜாப்பூப்போல் இலை அடுக்கிய எச்சிவேரியா நெடுந்தண்டாகிவிட்டால், தயங்காமல் தலையையே கொய்துவிடலாம். அடுக்குக்குக் கீழே ஓர் அங்குலத் தண்டு விட்டு அறுத்து, வெட்டுவாயைப் பாருங்கள்: வெளிறிய பச்சையாக, சுத்தமாக இருந்தால் நல்லது, பழுப்புப் புள்ளியோ வளையமோ தென்பட்டால் அழுகல் அதுவரை ஏறிவிட்டது என்று அர்த்தம். கத்தியை ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு, மாசற்ற பகுதி தெரியும்வரை மேலே மேலே அறுக்கவேண்டும். கொய்த தலையை ஒரு காலி டம்ளரின் வாயில், தண்டு உள்ளே தொங்கும்படி வைத்து நிழலில் விட்டுவிட்டால், வெட்டுவாய் ஒரு வாரத்தில் தோல் கட்டிவிடும். பின்னர் நூலிழை போன்ற வேர்கள், மண்ணைத் தொடாமலே, தாமாக வெளிவருவதைப் பார்க்கலாம். அப்போது மணலும் சிறு கற்களும் கலந்த மண்ணில் அமர்த்துவது போதும். தலையிழந்த அடித்தண்டையும் எறிந்துவிடக் கூடாது. அதன் பக்கங்களில் பல குட்டித் தலைகள் முளைக்கும்.

இந்த முறையை எல்லாவற்றுக்கும் பிரயோகிக்க முடியாது. சோற்றுக்கற்றாழையில் வெளிமடலை அடியோடு நீக்கலாம், பக்கக்கன்றுகளைப் பிரித்து நடலாம். மடலைப் பாதியில் வெட்டினால் தழும்புதான் மிஞ்சும். மருளும் அப்படியே; அதன் மடல் துண்டுகள் வேர்விடும் என்றாலும், மஞ்சள் விளிம்புள்ள வகையில் அந்தத் துண்டுகளிலிருந்து வரும் கன்றுகள் விளிம்பை இழந்து வெறும் பச்சையாகவே பிறக்கும். யானைக்கற்றாழை பூத்துவிட்டதென்றால், பூங்காம்பை வெட்டினாலும் அந்தத் தாய்ச்செடி பிழைக்காது.

வெட்டுக்காயத்தில் மஞ்சள்தூள் வைப்பவர்களும் சாம்பல் பூசுபவர்களும் உண்டு. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நிழலும் காற்றும் செய்யாத சிகிச்சை எதையும் அவை செய்துவிடுவதில்லை. தாய்ச்செடிக்கும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதிருப்பதே பிரதானம். வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றும் ஒரு குவளை நீரால் மடிந்த செடிகளே அதிகம். ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும் உடம்புக்கு, திறந்த காயத்தின் வழியே நுழையும் அழுகல்தான் சத்துரு, தாகமல்ல. விரல் பருமனுள்ள போத்துகளானால் இரண்டு வாரம்கூட உலரவிடலாம்.

அடீனியம் மட்டும் வெயிலின் குழந்தை. அதன் பூக்கள் கிளை நுனியில் வருவதால், கிளைகள் பெருகினால் பூவும் பெருகும். மாசியில் பாதிக்கு மேல் குறைத்து வெட்டினாலும் அது கலங்குவதில்லை. வெட்டுவாய் சாய்வாக இருந்தால் மழைநீர் தங்காது. ஆனால் அதன் சாற்றில் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆப்பிரிக்க வேடர்கள் அதை அம்பு முனையில் தடவிவந்தார்கள். சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியவற்றின் பாலும் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகையால் கையுறை அணிந்து, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு வெட்டத் தொடங்கவேண்டும். கள்ளியின் வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் வடிவது நின்றுவிடும். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு வெகுநேரம் கழுவிவிட்டு, எரிச்சல் தணிகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், உடனே கண் டாக்டரிடம் போய்விடவேண்டும்.